இடுப்புக் கத்தியும் இருவகைச் சேகரிப்பும்

விருத்தாசலம் என்றதும் தமிழக மக்களின் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, மணிமுத்தாற்றின் கரையில் நிற்கும் பழமலைநாதர் கோயில். மற்றொன்று பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரியை எட்டுமுன் வெட்டியெடுக்கப்படும் வெண்களிமண்ணும், அரசு ஏற்படுத்திய பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கவென்றே அமைந்த தொழில்நுட்பக் கல்லூரியும் சேர்ந்து இவ்வூருக்குப் பீங்கான் நகரம் என்னும் பெயரைத் தேடித் தந்தன. அகல் விளக்கு, பொம்மை, தேநீர்க் கோப்பை, மின்சார ஃபியூஸ் கட்டை என்று இங்குச் சூளையேறி இறங்காத பொருள் குறைவு. அத்தகைய ஊரில் நாம் இரும்பைப் பற்றி எழுத நேர்ந்தது ஒரு நண்பரின் கண்ணாடி அலமாரியால்.

நண்பர் பரங்கிப்பேட்டையைப் பூர்வீகமாகக் கொண்டவர். ஃபியூஸ் கட்டை செய்யும் சிறு பட்டறை ஒன்றை நெடுங்காலம் நடத்தி, இப்போது பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருக்கிறார். அவருடைய பாட்டனார் பினாங்கிற்குக் கப்பலேறிப் பிழைத்தவர். திரும்பி வந்தபோது பெட்டியில் பட்டுக் கைலிகளோடு அலை அலையாய் வளைந்த ஒரு கிரிஸ் கத்தியும் வந்தது. அதிலிருந்து தொடங்கிய ஆசை. தஞ்சாவூரில் வாங்கிய பிச்சுவா, கோழிக்கோட்டிலிருந்து கொண்டுவந்த மலப்புறம் கத்தி, குடகு நாட்டின் பீச்சைக் கத்தி, விசையழுத்தினால் படீரென்று விரியும் ராம்பூர் மடக்குக் கத்தி என்று அலமாரியின் இரு தட்டுகள் நிறைந்துவிட்டன. காய்கறி நறுக்கவோ கதிர் அறுக்கவோ பிறந்த கத்தி அவற்றுள் ஒன்றுமில்லை. எல்லாம் மனிதன் தன் உயிரைக் காத்துக்கொள்ள இடுப்பில் செருகிக்கொண்டவை. அவை வைக்கப்பட்டிருக்கும் தட்டங்களோ விருத்தாசலம் வெள்ளைப் பீங்கான். இரும்பின் கறுப்புக்கு அதைவிடப் பொருத்தமான பின்புலம் கிடையாது என்று நண்பர் பெருமை கொள்கிறார்.

நாம் அலமாரியை வியந்துகொண்டு நின்றபோது, தேநீர் கொண்டுவந்த நண்பரின் துணைவியார் சொன்ன சொல்தான் இக்கட்டுரைக்கு வித்து. "நானா, நீங்களாச்சும் இவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. காலம் இருக்கிற இருப்பிலே நம்ம வூட்டுலே இத்தனை கத்தி எதுக்கு? கொல்லன் பட்டறையிலே கொடுத்து உருக்கிடச் சொல்லி பிள்ளைங்க தலையாலே அடிச்சுக்கறாங்க. நாளைக்கு ஒருத்தன் படம் புடிச்சுப் போட்டான்னா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

நண்பர் மறுமொழி கூறவில்லை. நம்மாலும் உடனே கூற இயலவில்லை. அஞ்சல் தலை சேர்ப்பவனை ஊர் ரசிகன் என்கிறது. பழைய நாணயம் சேர்ப்பவனை அறிஞன் என்கிறது. கத்தி சேர்ப்பவன் யார் என்பதற்கு மட்டும், அவன் பெயர் என்ன என்று கேட்ட பிறகே விடை சொல்கிறது. இந்நிலை இன்று முளைத்ததன்று. இதற்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அதன் ஒரு முனை, வியப்பாக, இதே விருத்தாசலத்தில் கிடக்கிறது.

அதற்குமுன் சொற்களைச் சற்றுப் பார்த்துவிடுவோம். சுரிகை, உடைவாள், கட்டாரி, பிச்சுவா, சூரி, பேனாக்கத்தி, மடக்குக் கத்தி என்று தமிழில் சிறு கத்திக்குப் பெயர்கள் பல. இவற்றுள் பிச்சுவா உருதுவழி வந்தது. பிச்சு என்றால் தேள். கொடுக்கைப் போல் வளைந்திருப்பதால் அப்பெயர். கட்டாரியோ வடக்கிலும் தெற்கிலும் வழங்கிய பழஞ்சொல். குறுக்குப் பிடியை உள்ளங்கையில் இறுக்கிக் குத்தும் இவ்வாயுதத்தை, கி.பி. 14ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த இப்னு பதூதா தம் பயணநூலில் விவரித்திருக்கிறார். கலப்பையின் கொழுவைப் போன்ற இரும்பு என்றும், கையை உள்ளே நுழைத்துக்கொண்டால் முன்கையை மூடிக் காக்கும் என்றும், அதன் குத்துக்குத் தப்புவது அரிது என்றும் அவர் எழுதுகிறார். மதுரையில் சுல்தான் ஆட்சி நடந்த நாளில் அங்கு விருந்தினராய்த் தங்கி, அச்சுல்தானுக்கு உறவுமுறையும் கொண்டிருந்த அந்தப் பயணியின் கண்ணிலேயே கட்டாரி முதலில் காக்கும் பொருளாகவும் பின்னரே கொல்லும் பொருளாகவும் பட்டிருக்கிறது. கேடயமும் வாளும் ஒன்றான கருவி அது.

இனி விருத்தாசலத்துக்கு வருவோம். 1751ஆம் ஆண்டு. திருச்சிராப்பள்ளியில் நவாப் முகம்மது அலி முற்றுகைக்கு உள்ளாகியிருந்த நேரம். ஆங்கிலக் கும்பெனியாருக்குத் துணைப்படைகளை அங்கு அனுப்பும் வழியில் விருத்தாசலம் ஒரு தங்குமிடம். இங்குள்ள கோயிலே அன்று கோட்டையாகப் பயன்பட்டது. தேவனாம்பட்டணத்துக் கோட்டையிலிருந்து ஒரு படைப்பிரிவை இதுவரை கொண்டுவந்து விட்டுத் திரும்பினர் இருவர். ஒருவர் கும்பெனியின் ஆலோசனைச் சபை உறுப்பினர் ஜார்ஜ் பிகட். மற்றவர் ராபர்ட் கிளைவ். உடன் பன்னிரண்டு சிப்பாய்களும் சில பணியாட்களும். வழியில் பாளையக்காரரின் துப்பாக்கி வீரர்கள் வளைத்துக்கொண்டனர். சிப்பாய்களில் சிலர் வீழ்ந்தனர். கிளைவும் பிகட்டும் குதிரையின் கால்வேகத்தால் உயிர் தப்பினர். அந்தக் குதிரை இடறியிருந்தால் ஆர்க்காட்டு முற்றுகை இல்லை, பிளாசி இல்லை. இந்திய வரலாறே வேறு திசையில் திரும்பியிருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பது இவ்வூரில் உலாவுவோருக்கு ஒரு பொழுதுபோக்கு.

ஆனால் நமக்குச் சுவையாய் இருப்பது அதன் அடுத்த அத்தியாயம். சரியாக ஐம்பது ஆண்டு கழிந்து, 1801 டிசம்பர் 1ஆம் நாள், தென்பாளையங்களை அடக்கி முடித்த சென்னை அரசாங்கம் ஒரு பிரகடனம் வெளியிட்டது. பாளையக்காரர் கோட்டைகள் இடிக்கப்படும், குடிகள் ஈட்டி, துப்பாக்கி முதலான படைக்கலங்களை ஒப்படைத்துவிட வேண்டும், மீறினால் கடுந்தண்டனை. அதில் கையொப்பமிட்ட ஆளுநர் எட்வர்டு கிளைவ். ராபர்ட் கிளைவின் மகன்! பாளையக்காரரின் ஆயுதத்துக்குத் தப்பிக் குதிரையில் ஓடியவர் தந்தை. அந்த ஆயுதங்களைப் பறித்துச் சேர்க்க ஆணையிட்டவர் தனயன். தென்னாட்டில் அரசாங்கம் நடத்திய முதற்பெரும் ஆயுதச் சேகரிப்பு என்று இதனைக் கூறலாம்.

சேகரிப்பு என்னும் சொல்லை நாம் வேண்டுமென்றே கையாள்கிறோம். மாவட்டத்தை ஆள்பவருக்குக் கலெக்டர் என்று பெயர் வந்தது அவர் வரி சேகரித்ததனால். வரியோடு கத்தியையும் சேகரித்த ஒரு கலெக்டர் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்தார். அவர் பெயர் ஹென்றி வாலன்டைன் கனோலி, மாவட்டம் மலபார்.

மலபார் மாப்பிள்ளைமாரைப் பற்றி நம் இல்லங்களில் 1921ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் வழியாகவே மிகுதியும் அறிந்திருக்கிறோம். அதற்கு எண்பது ஆண்டு முன்பே, 1836 முதற்கொண்டு, ஏறநாடு, வள்ளுவநாடு வட்டாரங்களில் அடுத்தடுத்துச் சிறு சிறு கிளர்ச்சிகள் வெடித்துக்கொண்டிருந்தன. திப்பு சுல்தானின் ஆட்சி அகன்று கும்பெனி ஆட்சி வந்தபின் நிலம் முழுவதற்கும் ஜன்மிகளே உரிமையாளர் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. தலைமுறை தலைமுறையாய் உழுதவன், வேண்டும்போது வெளியேற்றத்தக்க குத்தகைக்காரனாய் மாறினான். உழுதவருள் பெரும்பாலோர் மாப்பிள்ளைமார். வழக்குமன்றத்தில் தோற்றவன் இடுப்புக் கத்தியை உருவினான். கொலைகள் நடந்தன, உருவியவர்களும் பட்டாளத்தின் முன் உயிரோடு மிஞ்சவில்லை. அப்பலிகளில் நியாயமற்றவையும் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. குற்றமற்றோரும் மாண்டிருக்கிறார்கள்.

அரசாங்கம் இதன் காரணத்தை ஆராய டி. எல். ஸ்ட்ரேஞ்சு என்னும் நீதிபதியை 1852இல் அமர்த்தியது. நிலம் காரணமன்று, மதவெறியே காரணம் என்று அவர் முடிவு கட்டினார். நோயைப் பிழையாகக் கண்டறிந்தால் மருந்தும் பிழைக்கும். அதே ஆண்டு மார்ச்சு மாதம், மக்கள் பெருமதிப்புக்குரிய மம்புறம் சையிது ஃபஸல் தங்ஙள் தம் குடும்பத்தாரோடும் உடனிருந்தோரோடும் அரபு நாட்டுக்குக் கப்பலேறும்படி ஆயிற்று. தங்ஙள் பின்னர் 1876இல் தோஃபார் நாட்டின் ஆட்சியாளராகவே விளங்கினார் என்பது கிளைக்கதை. மலபாருக்கு அவர் மீளவே இல்லை.

1854இல் இரட்டைச் சட்டங்கள் பிறந்தன. 23ஆம் எண் சட்டம், ஓரிடத்தில் கிளர்ச்சி நேர்ந்தால் அவ்வூர் மாப்பிள்ளைமார் அனைவர் மீதும் கூட்டு அபராதம் விதிக்க வழி செய்தது. 24ஆம் எண் சட்டம் மாப்பிள்ளைமாரின் போர்க்கத்தியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ஒரு சமுதாயத்தின் இடுப்பிலிருந்த ஒரு குறிப்பிட்ட கத்திக்கென்றே ஒரு சட்டம்! அரிவாளைப் பற்றியோ பாளையைச் சீவும் கத்தியைப் பற்றியோ அச்சட்டம் கவலைப்படவில்லை. கத்தியைக் காட்டிலும் அது யார் இடுப்பில் இருக்கிறது என்பதே வினாவாயிற்று.

அவ்வாண்டு டிசம்பரில் கனோலி மாப்பிள்ளை நாட்டின் நடுப்பகுதி வழியே சுற்றுப்பயணம் புறப்பட்டார். ஊர் ஊராய்க் கூடாரமடித்து, மூத்தோரை அழைத்துப் பேசி, கத்திகளைப் பெற்றுக்கொண்டே சென்றார். 1855 ஜனவரி 31 வரையில் அவர் கணக்கில் சேர்ந்தவை 7,561 கத்திகள். இரண்டு மாதத்துக்குள்! உலகில் எந்தச் செல்வந்தரும் தம் வாழ்நாளெல்லாம் அலைந்து இத்தனை கத்தி சேர்த்திருக்க மாட்டார். ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து வந்தது. தந்தை மகனுக்குக் கொடுத்தது, திருமண நாளில் கச்சையில் செருகியது, இரவில் காட்டுவழி நடக்கத் துணையாயிருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்திருக்கும். கலெக்டரின் ஏட்டில் அவை வெறும் எண்ணிக்கை.

கனோலியைக் கொடியவராகத் தீட்டுவது எளிது, நியாயமன்று. நிலம்பூரில் 1840களில் உலகின் முதல் தேக்குத் தோட்டங்களை எழுப்பியவர் அவரே. அதன் எஞ்சிய பகுதி கனோலி தோட்டம் என்னும் பெயரில் இன்றும் நிற்கிறது. கோழிக்கோட்டு நீர்வழிகளை இணைக்கும் கால்வாயும் அவர் பெயரையே தாங்குகிறது. கத்தி சேகரித்த அதே கை மரக்கன்றும் நட்டது. ஆனால் மக்கள் மனத்தில் எது தைத்தது என்பதை 1855 செப்டம்பர் 11ஆம் நாள் இரவு காட்டியது. கோழிக்கோட்டுச் சிறையிலிருந்து சென்ற மாதம் தப்பிய மாப்பிள்ளைக் கைதிகள் சிலர், வெஸ்ட்ஹில் மாளிகையின் தாழ்வாரத்தில் மனைவியோடு அமர்ந்திருந்த கலெக்டர் மீது பாய்ந்து வெட்டிக் கொன்றனர். 7,561 கத்திகளைப் பறித்தபின்னும் ஒரு கலெக்டரைக் கொல்லக் கத்தி கிடைக்கத்தான் செய்தது. சில நாட்களில் கொலையாளிகள் சுடப்பட்டனர். சுற்றுவட்டாரத்து ஊர்களின் மேல் கூட்டு அபராதம் விழுந்தது. அந்த அபராதத்தைச் செலுத்தியவருள் கத்தியை முன்பே மறுபேச்சின்றி ஒப்படைத்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! கனோலியின் உடன்பிறந்தார் ஆர்தர் கனோலி 1842இல் புகாராவில் அமீரின் ஆணையால் தலை வெட்டப்பட்டவர் என்பதையும் நினைத்தால், அத்தாய் வயிற்றின் துயரம் நமக்கும் புரிகிறது.

ஸ்ட்ரேஞ்சின் முடிவு தவறு என்பதை அரசாங்கத்தின் இன்னோர் அதிகாரியே பிற்காலத்தில் எழுதினார். மலபாரில் கலெக்டராக இருந்த வில்லியம் லோகன் 1881-82இல் நில உரிமையை விரிவாக ஆராய்ந்து, வேர் நிலத்தில் இருக்கிறது என்று காட்டினார். 1887இல் வெளிவந்த அவருடைய மலபார் நூல் இன்றும் ஆராய்ச்சியாளர் கையில் இருக்கிறது. ஆனால் கத்திகள் போயின, போனவைதாம்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று மலபாரின் எல்லையிலேயே நடந்தது. மலைக்கு அப்பால் குடகு நாடு. அங்கும் ஆண்மகன் ஒவ்வொருவன் இடுப்பிலும் வெள்ளிப்பூண் இட்ட பீச்சைக் கத்தி. முதுகுப்புறம் அகன்ற ஒடிக்கத்தி வேறு. நாடெங்கும் ஆயுதம் பறிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்த வேளையில், 1861இல், ஆணையர் மார்க் கப்பன் குடகு மக்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்களித்தார். அரசுக்கு அவர்கள் காட்டிய விசுவாசமே காரணம். வியப்பு என்னவென்றால், அந்த விலக்கு சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்து, 2019இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. நாம் குடகரைப் பழிக்கவில்லை. தம் மரபைக் காத்துக்கொண்ட அவர்களைப் பாராட்டவே செய்கிறோம். ஒரு மலையின் இருபுறத்திலும் ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு கத்திகள்: ஒன்றைச் சட்டம் போர்க்கத்தி என்றது, மற்றொன்றைத் திருமண அணிகலன் என்று விட்டுவைத்தது. நண்பரின் அலமாரியில் இவ்விரண்டும் ஒரே தட்டத்தில் அருகருகே கிடக்கின்றன. இரண்டும் கொம்பும் உலோகமும் சேர்ந்த பிடி, ஒருகை அளவு. பார்க்கும் எவருக்கும் அவற்றுள் ஆபத்தானது எது என்று சொல்ல வராது.

பினாங்குக் கிரிஸ் கத்திக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1823 மார்ச்சு 11ஆம் நாள் சிங்கப்பூரில், கடன் வழக்கொன்றில் தோற்ற சையிது யாசீன் என்னும் வணிகர், அங்கு ரெசிடென்டாக இருந்த வில்லியம் ஃபார்குவாரைக் குத்திக் காயப்படுத்தி, அவ்விடத்திலேயே மாண்டார். இந்நிகழ்ச்சியை நமக்கு நேரில் கண்டாற்போல் எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லாஹ். மலாய் உரைநடையின் தந்தை என்று போற்றப்படும் இவர் மலாக்காவில் பிறந்தவர். முன்னோர் யமனிலிருந்து வந்தோர். குடும்பத்தில் தமிழ் இரத்தமும் கலந்திருந்தது. சிறுவயதில் தமிழும் கற்றார் என்று தம் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். குத்து நிகழ்ந்தபின் ராஃபிள்ஸ், சிங்கப்பூரில் ஆயுதம் தரித்து நடமாடுவதைத் தடை செய்தார். மலாய் மக்களுக்குக் கிரிஸ் உடையின் ஒரு பகுதி. அது இல்லாமல் அவைக்கு வருவது தலைப்பாகையின்றி வருவதைப் போன்றது. நண்பரின் பாட்டனார் கொண்டுவந்த கிரிஸ் இடுப்புக்காக வாங்கப்பட்டதன்று, பெட்டிக்காக வாங்கப்பட்டது. இடுப்பிலிருந்து இறங்கி நினைவுப் பொருளான பிறகே அது அவர் கைக்கு எட்டியது. 2005இல் ஐ.நா.வின் யுனெஸ்கோ இந்தோனேசியக் கிரிஸைக் கலைச்செல்வமாக அறிவித்தது. தடை செய்யப்பட்டதும் பாராட்டப்பெற்றதும் அதே வளைந்த இரும்புதான்.

அரசாங்கம் செய்த சேகரிப்பு இவ்வாறு. மற்றொரு வகைச் சேகரிப்பு கலைஞருடையது, அருங்காட்சியகத்தாருடையது. அதன் தொடக்கமும் நம் மண்ணில் துயரமாகவே இருக்கிறது. கனோலி கொலையுண்ட அதே 1855இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி மறைந்தார். அரசு கும்பெனிக்கு ஆயிற்று. நாயக்கர் காலம் தொட்டு அங்குக் குவிந்திருந்த படைக்கலச் சாலை 1860களில் கலைக்கப்பட்டது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கென்று சில நல்லனவற்றைப் பொறுக்கி எடுத்தபின், எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. சென்னை மாகாண அதிகாரியாயிருந்த வால்ஹவுஸ் 1878இல் ஆராய்ச்சி இதழொன்றில் இதனை வருத்தத்தோடு பதிவு செய்தார். தஞ்சைக் கட்டாரிகளில் பலவற்றின் அலகு ஐரோப்பிய வாளிலிருந்து வெட்டியெடுத்துப் பொருத்தியது. துறைமுகங்களில் இறங்கிய பறங்கியர் வாளைத் தமிழ்நாட்டுக் கொல்லன் தன் கட்டாரிக்கு அலகாக்கிக்கொண்டான். அத்தகைய கட்டாரிகள் பழைய இரும்புச் சந்தையில் எடைக்கு எடை போயின! மலபாரில் கத்தியைக் கண்டு அஞ்சினார்கள். தஞ்சையில் அலட்சியம் செய்தார்கள். கத்திக்கு முடிவு என்னவோ ஒன்றுதான்.

அன்றைய இரும்புக் குவியலிலிருந்து தப்பியவை உலகெங்கும் சிதறின. இங்கிலாந்தின் எகர்ட்டன் பிரபு இந்தியப் படைக்கலங்களைச் சேர்த்து 1880இல் படங்களுடன் ஒரு கையேடு வெளியிட்டார். அமெரிக்கரான ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் 1934இல் உலக ஆயுதங்களுக்கு ஓர் அகராதி எழுதி, தம் சேகரிப்பை நியூயார்க் மாநகர அருங்காட்சியகத்துக்கு விட்டுச் சென்றார். இந்நாளில் தஞ்சைக் கட்டாரியின் அழகைக் காண விரும்புபவர் எழும்பூருக்குச் செல்லலாம், நியூயார்க்கிற்கும் செல்லலாம். தஞ்சையிலிருந்து இரண்டாவது ஊர் வெகுதூரம் என்பதைத் தவிர வேறுபாடில்லை.

நண்பரின் சொந்த ஊரும் இரும்போடு தொடர்புடையதே. கும்பெனிப் பணியிலிருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரும் இரும்பு ஆலை ஒன்றைத் தொடங்கினார். சேலத்து இரும்புத் தாது அங்கு உருகிற்று. கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரத்துக்குச் சென்ற ஹீத், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் உரிமம் பெற்றும், வழக்காடியே வறியவரானார். ஷெஃபீல்டு கத்திகளின் புகழில் பரங்கிப்பேட்டைக்குக் கடுகளவு பங்கு உண்டென்று நண்பர் வாதாடுவார். மறுக்க நமக்கு மனமில்லை.

மடக்குக் கத்தியின் கதை தனி. நீண்ட வாள் தரிக்கச் சாமானியனுக்கு உரிமை மறுக்கப்பட்ட ஸ்பெயின் நாட்டில்தான் நவாஹா என்னும் பெரிய மடக்குக் கத்தி செழித்தது. சட்டம் நீளத்தைக் கண்டு அஞ்ச, கொல்லன் நீளத்தை மடக்கிவிட்டான். நம் நாட்டில் அவ்விடம் ராம்பூருக்கு. ரசா நூலகத்தில் கிடைத்தற்கரிய அரபு, பாரசீகச் சுவடிகளைச் சேர்த்துவைத்த நவாபுகளின் ஊர் அது. அதே ஊரின் கைவினைஞர் பித்தளைப் பிடியில் மீன் வடிவம் செதுக்கி விசைக்கத்தி செய்தனர். இந்தித் திரைப்படம் அக்கத்தியை முரடர் கையில் கொடுத்துப் புகழும் இகழும் ஒருங்கே சேர்த்தது. 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்குத் தடை வந்தபின் பட்டறைகள் ஒவ்வொன்றாய் மூடின. 2023இல் அதே ஊரின் நாற்சந்தியில் இருபதடி நீளமுள்ள கத்தி ஒன்றைச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். செய்பவன் தொழிலை விட்ட பிறகு சிலை! இச்செய்கை நமக்குச் சற்றுக் கசக்கத்தான் செய்கிறது.

சட்டம் இன்று என்ன சொல்கிறது? 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் நாடு முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. அதனை நீக்கி 1959ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. தாக்குதலுக்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக அமைக்கப்பட்ட பொருள் எதுவும் ஆயுதமே என்று அது இலக்கணம் வகுக்கிறது. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே ஆனவை விலக்கு. தாக்குதலையும் தற்காப்பையும் ஒரே வரியில் வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். தன்னுயிர் காக்கும் உரிமையைக் குற்றவியல் சட்டம் ஒப்புகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த அவ்வுரிமை 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் உண்டு. ஆனால் அதற்கான கருவியைப் படைப்பவன் நோக்கத்தைச் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. விதிகளில் ஒன்பது அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம் என்று எல்லை உண்டு. அவ்வெல்லை கடந்தவற்றுக்கு, அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் உரிமம் வேண்டும். சீக்கியரின் கிர்பானுக்கோ அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. கத்தியை அளவுகோல் கொண்டு மட்டும் அளக்க முடியாதென்பதை அரசியல் சட்டம் வகுத்தோர் உணர்ந்திருந்தனர்.

இவற்றையெல்லாம் நாம் அம்மையாரிடம் அன்றைய மாலையே சொன்னோம். கிரிஸும் தஞ்சைப் பிச்சுவாவும் என்ன நீளம் என்பதை அளந்து, வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்து, அதனை எழுதி வாங்கியும் வைத்திருப்பதாக நண்பர் அப்போதுதான் வாய்திறந்தார். அம்மையார் நம்பாதவராய்க் கேட்டார்: "அப்ப ஒளிச்சு வைக்க வேண்டியதில்லையா நானா?"

"ஒளித்து வைத்தால்தான் அது கத்தி, தங்கச்சி. பெயரும் ஊரும் எழுதி வைத்தால் அது வரலாறு" என்றோம். சொன்ன பிறகு, சொற்பொழிவுத் தொனி வந்துவிட்டதே என்று நமக்கே கூச்சமாயிற்று. அம்மையார் சிரிக்கவில்லை. "சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு. வந்து தேடுறவங்க எழுத்தைப் படிச்சுட்டா தேடுவாங்க?" என்றார். அதற்கு விடை நம்மிடம் இல்லை.

இருப்பினும் அன்றிரவு வேலை தொடங்கிற்று. பீங்கான் கல்லூரியில் பயிலும் பேத்தி, கெட்டி அட்டைகளை ஒரே அளவில் வெட்டினாள். கத்திகளைத் தோலுறையிலிருந்து எடுத்துத் தனியே வைக்க வேண்டும், தோலில் உள்ள பதச்சத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் என்று நண்பர் பாடம் நடத்தினார். தேங்காய் எண்ணெய் பிசுக்குப் பிடிக்கும், தையல் எந்திர எண்ணெயே ஏற்றது என்றார். பேத்தி இடையிட்டு, சிர்கோனியா என்னும் பீங்கானில் செய்த கத்திக்குத் துருவே கிடையாது, ஜப்பானியர் 1984 முதல் விற்கிறார்கள் என்றாள். கீழே விழுந்தால் உடையுமே என்றார் பாட்டனார். அது உண்மைதான் என்று அவளும் ஒப்பினாள்.

ஒவ்வோர் அட்டையிலும் கத்தியின் பெயர், ஊர், அளவு, அதனைத் தடுத்த அல்லது விலக்களித்த சட்டத்தின் ஆண்டு ஆகியவற்றை எழுதுவதென முடிவாயிற்று. குடகுக் கத்தியின் அட்டையில் 1861 என்றும், ராம்பூர்க் கத்திக்கு 1990கள் என்றும், கிரிஸுக்கு 1823 என்றும் அவள் எழுதினாள். மலப்புறம் கத்தியின் அட்டையில் 1854 என்று எழுதியபின், கலெக்டர் சேகரித்த எண்ணிக்கையையும் போடலாமா என்று கேட்டாள். போடச் சொன்னோம். கனோலி என்பதற்கு எந்த னகரம் என்ற ஐயம் எழுந்து, அதைத் தீர்த்து வைத்துவிட்டு, இரவு ஒன்பதரைப் பேருந்துக்குப் புறப்பட்டோம். அலமாரிக் கதவு திறந்தே இருந்தது. அம்மையார் அதன் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.